விரும்பிய இடம் கிட்டாதபோது

டில்லியின் திட்டமிடல் கட்டடக்கலைப் பள்ளியையும், ஆமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகத்தையும், திருச்சி என்.ஐ.டி.யையும், சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளியையும் மனத்தில் வரித்துக்கொண்டு, பிளஸ் டூ பாடங்களுக்கிடையே கட்டடக்கலை நுழைவுத் தேர்வுகளான நாட்டாவுக்கும் ஜே.இ.இ. இரண்டாம் தாளுக்கும் இரவு பகலாக வரைந்து பழகிய ஒரு மாணவி, இட ஒதுக்கீட்டுப் பட்டியல்கள் வெளியானபின் அவற்றுள் ஒன்றிலும் தன் பெயர் இல்லையென்று காணும்போது அடையும் மனக்கிலேசம் சாமானியமானதன்று. அந்தக் கிலேசத்தின் வேகத்தில், அழைத்த முதல் கல்லூரியிலேயே பணத்தைக் கட்டிவிடும் பெற்றோர் பலர். ஐந்து வருஷம் நீளும் ஒரு படிப்புக்கு அத்தனை அவசரம் தகாது.

1972ஆம் வருஷத்துக் கட்டடக் கலைஞர் சட்டத்தின்படி, அங்கீகாரமுள்ள எந்தக் கல்லூரியின் பி.ஆர்க். பட்டமும் ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ளத் தகுதி அளிக்கிறது. பதிவேட்டில் பெயர் ஏறியபின் டில்லிப் பட்டதாரிக்கும் நம்மூர்ப் பட்டதாரிக்கும் சட்டத்தின் முன் பேதமில்லை. ஆகவே, அக்கல்லூரிக்கு அந்த ஆண்டுக்குரிய கவுன்சில் அனுமதி உண்டா என்பதை முதற்காரியமாக விசாரிக்க வேண்டும். இல்லையெனில் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

அனுமதி உண்டெனில், வேலை நாளொன்றின் பிற்பகலில் நேரே ஸ்டுடியோவுக்குச் செல்லுங்கள். இக்கலையின் கல்வி பெரும்பாலும் அந்த ஒரு கூடத்தில்தான் நடக்கிறது. சுவர்களில் ஷீட்டுகள் தொங்குகின்றனவா, மேஜைகளில் அட்டையை வெட்டி ஒட்டிய மாடல்கள் அரைகுறையாகவேனும் கிடக்கின்றனவா, வகுப்பு முடிந்த பின்னும் மாணவர்கள் அங்கே தங்கி ஒருவர் வரைபடத்தை ஒருவர் விமரிசிக்கிறார்களா என்று பாருங்கள். மாணவர் வரைபடங்களை ஆசிரியர்கள் கேள்வி கேட்டு மதிப்பிடும் ஜூரி நடக்குமாயின், ஓரமாக நின்று கேட்க அனுமதி கோருங்கள். மேற்கு வெயில் எந்த அறையில் விழும், மழைநீர் எவ்வழி வடியும், மாடிப்படி ஏற மாட்டாத முதியவள் எங்கே படுப்பாள் என்றெல்லாம் கேட்கும் ஆசிரியர் இருவர் இருந்தால், என் அபிப்பிராயத்தில், அது நல்ல கல்லூரி. கணினியில் தீட்டிய படத்தின் பகட்டை மட்டும் மெச்சுமிடத்தில் கட்டணம் எவ்வளவு குறைவாயினும் சேரலாகாது. பழைய கட்டடங்களை அளந்து வரைய மாணவர்களை அழைத்துச் செல்கிறார்களா என்பதும் முக்கியம். செட்டிநாட்டு வீடுகளும் மதுரை மண்டபங்களும் அருகிருக்க, அவற்றை அளந்து பாராத படிப்பு பெரும் நஷ்டமே.

ஷீட்டுக்கும் மாடலுக்கும் கல்விச் சுற்றுலாவுக்கும் ஆகும் செலவு கட்டணத்துக்கு மேற்பட்டது என்பதைப் பெற்றோர் கணக்கில் கொள்வது நலம்.

விரும்பிய கல்லூரி கிட்டாததாலேயே இக்கலையின் வழி அடைபட்டுவிடாது. 2018இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் விருது பெற்ற முதல் இந்தியரான பாலகிருஷ்ண தோஷி, பம்பாய் ஜே.ஜே. கல்லூரிப் படிப்பை முடிக்காமலே வெளியேறி, பாரிஸில் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேயின் பணிக்கூடத்தில் தொழில் கற்றவர். பின்னாளில் செப்ட்டாக வளர்ந்த பள்ளியை 1962இல் நிறுவியவரும் அவரே. இலங்கையின் மின்னெட் டி சில்வாவோ காந்தியடிகளை விடுவிக்கக் கோரிய ஊர்வலத்தில் கலந்துகொண்டதற்காகப் பம்பாயில் கல்லூரியைவிட்டே நீக்கப்பட்டு, 1948இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் கழகத்தில் அங்கத்தினரான முதல் ஆசியப் பெண்மணியானார். இத்தகைய தீரம் எல்லோர்க்கும் வாய்ப்பதன்று என்பது மெய்தான். எனினும், இன்றைய மாணவிக்கு இன்னொரு வாசலும் உண்டு: கேட் தேர்வில் கட்டடக்கலைக்கெனத் தனித் தாள் இருக்கிறது, அதில் தேறி, இன்று இடம் மறுத்த சில நிலையங்களிலேயே முதுநிலைப் படிப்பில் சேரலாம்.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். பணம் கட்டுமுன், மூன்றாம் வருஷ மாணவர் ஒருவரோடு உங்கள் மகளைத் தனியே பேசவிடுங்கள்.