எலும்பு அறுவைக்குப் பின் புண்ணைப் பேணுதல்

1865-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில், வண்டிச் சக்கரம் ஏறியதால் கால் எலும்பு முறிந்து தோலும் கிழிந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனை ஜோசப் லிஸ்டர் என்னும் சத்திர வைத்தியரிடம் கொணர்ந்தனர். அத்தகைய காயம் சீழ் பிடித்துக் காலையோ உயிரையோ இழப்பது அந்நாளில் சாதாரணம். லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த துணியால் புண்ணைக் கட்டினார். சீழ் வைக்கவில்லை; ஆறு வாரத்தில் எலும்பு கூடிற்று. எலும்பைச் சேர்ப்பது பாதி வேலை. புண்ணில் கிருமி அண்டாமற் காப்பது மறுபாதி.

அம்மறுபாதி இக்காலத்தில் பெரிதும் வீட்டாரின் பொறுப்பாகிவிட்டது. மூட்டு மாற்றியவரையும், தகடு பொருத்தியவரையும் சில நாட்களிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றனர்.

தைத்த தோலின் விளிம்புகள் சுமார் 48 மணி நேரத்தில் ஒட்டத் தொடங்கும். முதற் சில நாட்களில் சற்றே சிவப்பும், வீக்கமும், வெப்பமும் இருத்தல் இயல்பே. 10 முதல் 14 நாட்களில் பெரும்பாலும் தையலைப் பிரிப்பர். அதுவரை கட்டு நனையலாகாது. சோப்பிட்டுக் கை கழுவாமல் அதைத் தொடுதலும் கூடாது. மஞ்சள், தேங்காயெண்ணெய், சாம்பல் முதலியவற்றைப் பூசுதல் வேண்டா. நீரிழிவுடையோர் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தல் அவசியம். பீடி, சிகரெட் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலியும் சிவப்பும் கூடுமானால், கட்டில் கசிவு நில்லாவிடில், சீழோ துர்நாற்றமோ காய்ச்சலோ தோன்றினால், அன்றே வைத்தியரிடம் செல்க. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும் அவ்வாறே. மூச்சுத் திணறலோ மார்வலியோ கண்டால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது.

கடையில் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி உட்கொள்வது பெருந்தீங்கு. உடலுள் வைத்த உலோகத்தின்மீது கிருமிகள் மெல்லிய படலமாய்ப் படியும்; மருந்து அங்கே எளிதில் எட்டாது. மாத்திரை நோயின் அறிகுறியை மறைப்பதோடு, எக்கிருமி என்று சோதனையில் கண்டறிவதையும் கடினமாக்கும். நாள் கடந்தால் பொருத்திய மூட்டையே அகற்ற நேரிடலாம்.

ஊரிலிருந்து நம்மிடம் வந்து அறுவை செய்துகொள்ளும் பெற்றோருக்கு இன்னொரு இடர் உண்டு. நாம் வேலைக்குச் சென்றிருக்கும் வேளையில், தம் துன்பத்தைச் சொல்ல அவர்களுக்கு மொழி இராது. ஹிந்தி வழங்கும் ஊர்களில் வாழ்வோர் மூன்று சொற்களையேனும் அவர்களுக்குக் கற்பித்தல் நலம்: சீழுக்கு ‘மவாத்’, வீக்கத்துக்கு ‘ஸூஜன்’, வலிக்கு ‘தர்த்’. அறுவை செய்த வைத்தியரின் சீட்டையும் தொலைபேசி எண்ணையும் அவர்களது தலைமாட்டிலேயே வைத்திருங்கள். தையல் பிரித்து, வைத்தியர் இசைவளித்த பின்னரே ஊருக்குப் பயணச்சீட்டு எடுங்கள்.