தர்ம ஆஸ்பத்திரியா, நம் ஆஸ்பத்திரியா?

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், தாமிரபரணியின் தென்கரையில், ஸ்ரீவைகுண்டத்திற்குச் சற்று மேற்கே இருக்கிறது ஆதிச்சநல்லூர். பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேரை அழைத்துக்கொண்டு சென்ற மாதம் நாம் அங்கே போயிருந்தோம். பரம்பு என்று ஊரார் சொல்லும் அந்த மேட்டிலே மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் தங்கள் இறந்தோரைத் தாழிகளில் இட்டுப் புதைத்தார்கள். 1876-ல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் என்பவர் முதலில் தோண்டினார். 1899 முதல் அலெக்ஸாண்டர் ரீ என்னும் ஆங்கிலேயர் விரிவாகத் தோண்டிப் பொன் நெற்றிப்பட்டங்களும், வெண்கலப் பாத்திரங்களும், இரும்பு ஆயுதங்களும், தாழிக்குள் நெல்லுமி முதலியனவும் கண்டார். இப்பொழுது கண்ணாடித் தளத்தின்மேல் நின்று காலடியில் தாழிகளைப் பார்க்கும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தியபடி நகர மறுத்துவிட்டார்கள்.

இறந்தவனுக்கு வழித்துணையாக நெல்லும், நீரும், ஆயுதமும் வைத்தனுப்பிய ஜனங்கள், உயிரோடிருந்தவனுக்கு நோய் வந்தபோது என்ன செய்திருப்பார்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். நமக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அன்று மாலையே அதே ஊர்ப் பக்கத்தில், இன்றைய ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்பதை ஒருவாறு தெரிந்துகொண்டோம்.

பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில் வேப்பமர நிழலில் ஓர் ஆச்சி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு மஞ்சள் பை. பையைப் பிரித்து மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

"என்ன மாத்திரை ஆச்சி?" என்று கேட்டோம்.

"சக்கரைக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணு, வாத்தியாரையா. மாசாமாசம் ஒரு பிள்ள வீட்டுக்கே வந்து ரத்தம் பாத்துக் குடுத்துட்டுப் போவுது."

"காசு ஏதும் வாங்குகிறார்களா?"

"துட்டா? அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. சர்க்கார் தர்மம்லா!"

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது ஆச்சி கையெடுத்து ஒரு கும்பிடும் போட்டாள். அந்தக் கும்பிடு பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்த பிறகும் நம்மை விடவில்லை. அது உண்மையில் தர்மந்தானா?

கொடுப்பவர் யார்?

தர்மம் என்றால் ஒருவர் தம் பொருளை மற்றொருவருக்கு ஈவது. சர்க்காருக்கென்று தனிப் பொருள் ஏது? ஆச்சி குளிக்க வாங்கும் சோப்பில் வரி இருக்கிறது. பேரன் கைபேசிக்குப் பணம் போடும்போது நூற்றுக்குப் பதினெட்டு வரி சேர்கிறது. ஏழை வரி கொடுப்பதில்லை என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருப்பது வெறும் பிரமை. ஒரு காலத்தில் அந்நிய சர்க்கார் உப்புக்கே வரி வாங்கிற்று. அதை எதிர்த்து 1930-ல் மகாத்மா தண்டிக்கும், ராஜாஜி வேதாரணியத்துக்கும் நடந்தார்கள். அன்று, "எங்கள் பணத்தை எங்களைக் கேளாமல் எடுத்துச் செலவிடாதே" என்பதே நம் தேசத்தின் வாதம். இன்று கேட்கும் உரிமை நமக்கு வந்துவிட்டது. கேட்கும் வழக்கந்தான் இன்னும் வரவில்லை.

ஆச்சியின் மாத்திரை வந்த வழியையும் சற்றுப் பார்ப்போம். வீடு தேடி வரும் ஏற்பாட்டுக்கு "மக்களைத் தேடி மருத்துவம்" என்று பெயர். 2021 ஆகஸ்டில் தொடங்கியது. மருந்தை வாங்கி அனுப்புவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-ல் ஏற்பட்டு 1995 ஜனவரி முதல் வேலை செய்து வருகிறது. அதற்கு முன் ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் ஒவ்வொரு விதமாக மருந்து பெற்றது. ஓரிடத்தில் ஒரே மருந்து மூட்டையாய்க் கிடந்து கெடும். மற்றோரிடத்தில் அதே மருந்து இல்லாமல் நோயாளி வெறுங்கையுடன் திரும்புவான். கழகம் வந்தபின் மாகாணம் முழுவதற்கும் ஒரே பட்டியல், ஒரே டெண்டர். வந்த சரக்கைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பித் தேறினால்தான் ஏற்பார்கள். மாவட்டந்தோறும் கிடங்கு, ஆஸ்பத்திரிக்கு ஒரு பாஸ் புத்தகம். பாங்கில் கணக்கு வைத்திருப்பவன் வேண்டும்போது பணம் எடுப்பதுபோல், ஆஸ்பத்திரி தனக்கு ஒதுக்கிய தொகைக்குள் வேண்டிய மருந்தைக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். பிற மாகாணங்களும் இம்முறையைப் பார்த்துப் பின்பற்றின.

இதில் ஆச்சரியமான விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. நல்ல மளிகைக் கடைக்காரர் செய்வதுதான். சர்க்கார் அதை ஒழுங்காகச் செய்தது என்பதே ஆச்சரியம்.

இரவு பதினொரு மணி

இந்த ஒழுங்கின் விலை என்ன என்பதை நாம் கண்ணால் கண்டதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பு மாணவன் ஒருவனை வயல் வரப்பில் பாம்பு தீண்டிவிட்டது. இரவு பதினொரு மணி. தகப்பனார் வாழைத்தோட்டக் கூலி. மோட்டார் சைக்கிளில் நடுவே பையனை வைத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டு போனார்கள். விஷமுறி மருந்து அலமாரியில் இருந்தது. ஏற்றினார்கள்; பிழைத்தான். இப்போது கல்லூரியில் படிக்கிறான். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர்கள் 1978-ல் ஏற்படுத்திய கூட்டுறவுச் சங்கம் பாம்புகளைப் பிடித்து விஷம் எடுத்துக் கொடுக்கிறது. அத்தகைய விஷத்திலிருந்து ஆக்கிய மருந்து கிடங்கு கிடங்காய் மாறி, குறித்த இரவில் குறித்த அலமாரியில் இருக்க வேண்டும். மறுநாள் காலை வந்து பயனில்லை.

மற்றொரு சம்பவமும் சொல்லாவிட்டால் நடுநிலைமை ஆகாது. நம் அத்தைக்கு மூச்சுத்திணறல் கண்டு வேறோர் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றோம். ஊர்ப் பெயர் வேண்டாம். விலையுயர்ந்த யந்திரம் ஒன்று அங்கே துணி போர்த்தியபடி நின்றது. இயக்கத் தெரிந்தவர் மாற்றலாகிப் போய் ஐந்து மாதம் ஆயிற்றாம். பதிலுக்கு எவரும் வரவில்லையாம். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூன்று நாளில் நம் இரண்டு மாதச் சம்பளம் கரைந்தது. நமக்கோ சம்பளமாவது இருந்தது. அதே வராந்தாவில் நின்ற உப்பளத் தொழிலாளி ஒருவர் மனைவியைத் திரும்ப வீட்டுக்கே அழைத்துப் போனார்.

முதல் ஆஸ்பத்திரியைப் பணமும் நிர்வாகமும் சேர்ந்து காத்தன. இரண்டாவதில் பணம் யந்திரமாக வந்து நின்றுவிட்டது, நிர்வாகம் வரவில்லை. ஆகையால் "இன்னும் பணம் ஒதுக்குக" என்று கூவுவோரும், "பணம் என்ன கொடுத்தாலும் வீண்" என்று முணுமுணுப்போரும் பாதி உண்மையையே சொல்கிறார்கள்.

பழைய கணக்கு

இந்த மாகாணத்தில் சுகாதாரம் நேற்று முளைத்ததல்ல. சென்னை ராஜதானியில் 1871-ம் வருஷச் சட்டத்திற்குப் பிறகு ஸ்தல ஸ்தாபனங்களே பல வைத்தியசாலைகளை நடத்தின. தூத்துக்குடி நகரசபை 1866-லேயே ஏற்பட்டது. அதன் தலைவராயிருந்த குரூஸ் பர்னாந்து வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாய் வழியே கடற்கரை நகரத்திற்குக் கொண்டுவந்தார். ஆதிச்சநல்லூரைத் தொட்டு ஓடும் அதே ஆறுதான். எத்தனை டாக்டர்கள் வந்தாலும் தீர்க்க முடியாத வாந்திபேதியை நல்ல தண்ணீர் தீர்க்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். தூத்துக்குடியில் இன்றும் அவர் பெயரை அன்போடு சொல்கிறார்கள்.

பின்னர் 1939-ல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே முதன்மையான அச்சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் அமலில் இருக்கிறது. ஸ்தல ஸ்தாபனங்கள் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கைச் சுகாதாரத்திற்கென்றே ஒதுக்கவேண்டும் என்றும் அது விதித்தது. 1946-ல் போர் கமிட்டி தன் அறிக்கையைக் கொடுத்தது. நம் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் அதில் அங்கத்தினர். கொடுக்கப் பணமில்லை என்ற காரணத்தால் எவருக்கும் வைத்தியம் மறுக்கப்படலாகாது என்பது அந்தக் கமிட்டியின் அடிப்படைக் கொள்கை. கிராமந்தோறும் காணும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மூல வித்து அங்கே இருக்கிறது.

வித்து நன்றாகவே முளைத்தது. 2018-20 கணக்குப்படி லட்சம் பிரசவத்துக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தபோது தமிழ்நாட்டில் 54 பேர் இறந்தார்கள். மற்ற மாகாணத்தார் நம்மைப் பார்த்துப் படிக்கிறார்கள். ஆனால் இறந்த அந்த 54 பேர் வீட்டாருக்கு இப்பெருமையால் என்ன ஆறுதல்?

தேசம் முழுவதையும் பார்த்தால் கணக்கு இன்னும் உறுத்துகிறது. நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கைச் சர்க்கார்கள் 2025-க்குள் சுகாதாரத்திற்குச் செலவிட வேண்டும் என்று 2017-ம் ஆண்டுத் தேசியக் கொள்கை சொல்லிற்று. 2021-22-ல், கொள்ளைநோய் ஆண்டிலே கூட, செலவானது 1.84 பங்கு. மொத்த மருத்துவச் செலவில் ஜனங்கள் நேராகத் தங்கள் மடியிலிருந்து அவிழ்த்தது 2013-14-ல் நூற்றுக்கு 64, 2021-22-ல் 39. குறைந்திருப்பது சந்தோஷமே. ஆனால் அந்த 39-க்குள் அடகு வைத்த தோடும், விற்ற ஆடும், பாதியில் நின்ற படிப்பும் அடங்கியிருக்கின்றன.

வெள்ளம் வைத்த பரீட்சை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஒரு வருஷத்து மழை ஒரு பகலும் இரவுமாகக் கொட்டியது. தாமிரபரணி கரை மீறிற்று. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் சுமார் 800 பிரயாணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. கர்ப்பிணி ஒருவர் உட்படச் சிலரை ஹெலிகாப்டரில் தூக்கிச் செல்ல வேண்டியதாயிற்று. அத்தகைய நாளில் லாபக் கணக்குப் பார்க்கும் எந்த ஸ்தாபனமும் ஒவ்வொரு கிராமத்துக்கும் குளோரின் தூளும், காய்ச்சல் மாத்திரையும், நர்ஸும் அனுப்பிக்கொண்டிராது. இன்ஷூரன்ஸ் அட்டை நல்லதே. ஆனால் அட்டை நோய் வந்தபின் பயன்படுவது. நோய் வராமல் காப்பதற்கு அட்டை கிடையாது. அதைச் செய்ய ஊர் ஊராகச் சம்பளம் கொடுத்து வைத்த ஆட்களே வேண்டும். வெள்ளம் இல்லாத நாளில் அவர்கள் வேலை நம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத வேலைக்குத்தான் முதலில் பணம் வெட்டப்படும்.

நம் பங்கு

இனி நேயர்களிடம் சற்று உரிமையோடு பேசுகிறோம். அரசு ஆஸ்பத்திரிக்கு நாம் கடைசியாகச் சென்றது எப்போது? பெரும்பாலோர், "அதெல்லாம் ஏழைகளுக்கு" என்போம். இந்த வார்த்தையில் கருணை தொனிக்கிறது. ஆனால் விளைவு கொடியது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும், கலெக்டருக்கு மனுப் போடத் தெரிந்தவர்களும் விலகிப் போன ஸ்தாபனம் மெள்ள மெள்ள நலியும். யந்திரம் துணி போர்த்திக்கொள்ளும். கேட்பதற்கு மிஞ்சுகிறவர் ஆச்சி ஒருத்தி. அவளோ கும்பிடு போடுகிறாள்.

ஆகவே நாம் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. கிராம சபை கூடும் நாளில் போய், நம் சுகாதார நிலையத்தில் எத்தனை ஸ்தானங்கள் காலி என்று ஒரு கேள்வி கேட்கலாம். பதினைந்தாவது நிதிக் கமிஷன் 2021 முதல் 2026 வரை ஸ்தல ஸ்தாபனங்கள் மூலம் சுகாதாரத்துக்கு 70,051 கோடி ரூபாய் சிபாரிசு செய்தது; அதில் நம் ஊருக்கு வந்தது என்ன, செலவானது எப்படி என்று வினவலாம். குழந்தைக்கு ஊசி போட, ரத்த அழுத்தம் பார்க்க, நாமே அங்கே சென்று வரிசையில் நிற்கலாம். நல்ல டாக்டரைக் கண்டால் நாலு பேர் அறியச் சொல்லலாம். குறை கண்டால் கையெழுத்திட்டு எழுதலாம்.

மறுநாள் வகுப்பில் அந்த மாணவியின் கேள்வியைக் கரும்பலகையில் எழுதினோம். அதன் கீழே இன்னொரு கேள்வியும் எழுதினோம்: "ஆச்சியின் மாத்திரைக்குப் பணம் கொடுத்தவர் யார்?" முதலமைச்சர் என்றான் ஒருவன். பிரதமர் என்றான் மற்றொருவன். டாக்டர் என்றாள் ஒருத்தி. பாம்பு தீண்டிப் பிழைத்த பையனின் தம்பி இப்போது அதே வகுப்பில் இருக்கிறான். அவன் நெடுநேரம் யோசித்துவிட்டு, "ஆச்சிதான், ஐயா" என்றான்.

அவனுக்கு முழு மார்க்கும் கொடுத்தோம்.