பூட்டை மாற்றுமுன் வாடகை கேட்கலாமா?

செப்டெம்பர் 29ஆம் தேதி காலாண்டு வாடகைக் கெடு நெருங்க நெருங்க, இங்கிலாந்தில் கடை நடத்தும் நம்மவர்களிடமிருந்தும் கடையை வாடகைக்கு விட்டிருக்கும் நம்மவர்களிடமிருந்தும் வந்து குவியும் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது: ஷரத்தை மீறிய குத்தகைதாரரிடம் அடுத்த தவணை வாடகையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பிறகு அதே மீறலைக் காட்டிக் குத்தகையை முறிக்க முடியுமா? பெரும்பாலும் முடியாது.

மீறினால் உரிமையாளர் கடையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற ஷரத்து பத்திரத்தில் இருக்க வேண்டுமென்பது யாவரும் அறிந்ததே. வாடகை பாக்கிக்காக நீதிமன்றம் ஏறாமலே கடையைச் சுவாதீனப்படுத்திக்கொள்ளும் காரியத்திற்கு அமைதியான மறுபிரவேசம் என்று சட்டத்தார் நாமகரணம் செய்திருக்கிறார்கள்; உள்ளே எதிர்ப்பவர் இருக்கையில் பலாத்காரமாகப் புகுவது 1977ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றமாதலால், விடியுமுன் ஆளில்லாத வேளை பார்த்து வந்து, பூட்டை மாற்றி, கண்ணாடிக் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போவதில் எவ்வளவு அமைதி இருக்கிறதென்பதைக் காய்கறிப் பெட்டிகளோடு வந்து வாசலில் நிற்கும் கடைக்காரரிடந்தான் விசாரிக்க வேண்டும்.

ஆனால் இவ்வளவு வல்லமையுள்ள உரிமை ஒரு சாதாரண வாடகைச் சீட்டினால் மாண்டுபோகும் என்பதே இதிலுள்ள விநோதம். மீறல் நடந்ததை அறிந்தபின், அதற்குப் பிந்திய தவணையின் வாடகையைக் கேட்டாலோ வாங்கினாலோ, குத்தகை தொடர உரிமையாளர் சம்மதித்துவிட்டார் என்றே சட்டம் கொள்ளும். அவருடைய மனத்தில் என்ன உத்தேசம் இருந்ததென்று அது கேட்பதில்லை. 1972இல் தீர்ப்பான ஒரு வழக்கில் (அது ஒரு வீட்டைப் பற்றியது), வாடகை வாங்கலாகாதென்ற உத்தரவு எட்டாத குமாஸ்தா ஒருவர் வழக்கம்போல் சீட்டனுப்பிவிட, அந்த ஒரு தாளே உரிமையைப் பறித்துவிட்டது. “உரிமைக்குப் பாதகமின்றி” என்று சீட்டின் தலையில் எழுதிக்கொள்வதும் பிரயோஜனப்படாது. பாக்கிக்காக அமலாக்க முகவரை ஏவிச் சரக்கின்மேல் கைவைப்பவரும் குத்தகை உயிரோடிருப்பதை ஒப்புக்கொண்டவரே என்றும், ஆகையால் அதே பாக்கிக்காகப் பின்னர் பூட்டை மாற்ற அவருக்கு உரிமையில்லை என்றும் 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது.

ஜூன் 24ஆம் தேதித் தவணை பாக்கியென்றால், அந்த ஜூன் பணத்தையே கேட்பதால் ஒன்றும் கெடாது. செப்டெம்பர்த் தவணையைக் கேட்டால்தான் கெடும். பழுது பாராமை போல நாள்தோறும் தொடரும் மீறலுக்கு உரிமை மறுநாளே மீண்டும் துளிர்க்கும். அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுவது போல ஒரே தடவையில் நிகழ்ந்து முடியும் மீறலுக்கோ, போனது போனதுதான். காலாண்டுக்கொருமுறை கணினி தானாகவே சீட்டனுப்பும் இக்காலத்தில் இந்தப் பொறியில் யார்தான் சிக்கமாட்டார்கள்?

உரிமையாளருக்கு நேரும் நஷ்டம் ஒருபுறம் இருக்கட்டும். இதற்கு அஞ்சியே அவர் நீட்டிய வாடகையையும் வாங்க மறுத்துப் பேச்சுவார்த்தையையும் நிறுத்திவிட, பாக்கியைச் சிறுகச் சிறுகத் தீர்க்க நினைக்கும் கடைக்காரருக்கும் கதவு அடைபட்டுப்போகிறதே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. பெருந்தொற்றின்போது, 2022 மார்ச் 25 வரை, வாடகை பாக்கி விஷயத்தில் எழுத்து மூலம் கைவிட்டாலன்றி உரிமை போகாதென்று பாராளுமன்றமே விதித்தது. விதியின் ஊனம் அவர்களுக்குத் தெரியாததன்று. இம்முறை முழுவதையும் மாற்ற 2006இல் சட்ட ஆணையம் நகல் மசோதாவோடு செய்த சிபாரிசோ இன்னும் சட்டமாகவில்லை.

மற்றக் கேள்விகளுக்கு:

வாடகை தவிர்ந்த மீறலுக்கு முன்னறிவிப்பு வேண்டுமா? வேண்டும், 1925ஆம் வருஷத்துச் சொத்துச் சட்டத்தின் 146ஆம் பிரிவைப் பார்க்க.

கடையும் அதன்மேல் நாங்கள் குடியிருக்கும் வீடும் ஒரே பத்திரத்தில் இருக்கின்றன, பூட்டலாமா? நீதிமன்ற உத்தரவின்றிக் கூடாது.

பூட்டியபின் மீள வழியுண்டா? பாக்கியையும் செலவையும் கட்டி நீதிமன்றத்தில் நிவாரணம் கோரலாம். ஆறு மாதம் கடக்க விடாதீர்கள்.

உள்ளே கிடக்கும் சரக்கு? கடைக்காரருடையதே.

ஸ்காட்லாந்தில்? அங்கே சட்டமே வேறு.