கொச்சிக்கு வரும் வெளிநாட்டுப் பாய்மரப் படகுகள்: கரையேறும் முன் என்ன நடைமுறை?

கொச்சி: பெரிய சரக்குக் கப்பலாயினும், இருவர் மட்டுமே செலுத்தி வரும் சிறிய பாய்மரப் படகாயினும், வெளிநாட்டிலிருந்து வந்தால் துறைமுகத்தில் அனுமதி பெற்றாக வேண்டும். கொச்சியின் போல்காட்டி தீவில், கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறைக்கு வருவோரும் இதற்கு விலக்கல்ல.

முகத்துவாரத்தை நெருங்கும்போதே விஎச்எஃப் வானொலியில் துறைமுகக் கட்டுப்பாட்டு அறையை அழைக்க வேண்டும். படகில் மஞ்சள் கொடி ஏற்றப்பட்டிருக்க வேண்டும். சுகாதார அனுமதி கோருவதற்கான அடையாளம் அது. சுகாதாரம், சுங்கம், குடியேற்றம் ஆகிய துறைகளின் ஒப்புதலுக்குப் பிறகே கரையில் இறங்கலாம். விசாவை முன்கூட்டியே பெற்றிருத்தல் அவசியம்.

எளிதில் சிக்கலில் மாட்டிவிடுவது செயற்கைக்கோள் தொலைபேசிதான். நடுக்கடலில் உயிர்காக்கும் இக்கருவியை, குறிப்பாக துரயா, இரிடியம் வகைகளை, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். பறிமுதல் மட்டுமன்றிக் கைது வரை செல்லக்கூடும். 2008-ல் மும்பையைத் தாக்கிய பயங்கரவாதிகள் இத்தகைய தொலைபேசியுடன் கடல்வழியே வந்தவர்கள் என்பதை நினைவில் கொண்டால், இந்தக் கெடுபிடியின் காரணம் விளங்கும். 'தெரியாது' என்ற விளக்கம் இங்கு எடுபடுவதில்லை. புறப்படும் முன்பே அனுமதி பெறுவதும், வந்தவுடன் சுங்க அதிகாரிகளிடம் கருவியை மறைக்காமல் தெரிவிப்பதும் நல்லது.

கொச்சியில் பெற்ற அனுமதி கோவாவுக்கோ மும்பைக்கோ செல்லாது. அடுத்த துறைமுகத்திலும் வருகை, புறப்பாட்டு ஆவணங்களை மீண்டும் அளிக்க வேண்டும். இதற்காக உள்ளூர் முகவரை அமர்த்திக்கொள்வோரும் உண்டு. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும் என்பதால், பயண நாள்களைக் கணக்கிடும்போது இந்த ஆவணப் பணிகளுக்கான நாள்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.