ஒபெரா அரங்கிற்கு முதன்முறையாகச் செல்வோர் அறிய வேண்டியவை

லா கூர்நெவ்விலிருந்து புறப்படும் 7 ஆம் இலக்க மெட்ரோ, பாரிஸின் ஒபெரா நிலையத்திற்கு நேராகச் செல்கிறது. நிலையத்தின் படிகளில் ஏறி வெளியே வந்ததும் கண்ணிற்படுவது பலே கார்னியே எனும் மாளிகை. அயலிலுள்ள உணவகங்களிலும் அலுவலகங்களிலும் பணிபுரியும் தமிழர் அதனை நாள்தோறும் கடந்து செல்கின்றனர். அது செல்வந்தருக்கும் பிரெஞ்சுமொழி நன்கறிந்தோருக்கும் மட்டுமே உரிய இடம் என்று கருதி, உள்ளே செல்ல எண்ணாதோரும் அவர்களுள் உளர். அக்கருத்துச் சரியன்று. பாரிஸ் ஒபெரா, அரசின் நிதியுதவி பெறும் பொது நிறுவனம். அதன் கதவு நுழைவுச்சீட்டுப் பெற்ற அனைவருக்கும் திறந்தது. முதன்முறையாகச் செல்ல விரும்பும் குடியிருப்பாளருக்குத் தேவையான விளக்கங்கள் கீழே தரப்படுகின்றன.

ஒபெரா என்பது யாது?

பாடலால் நடத்தப்படும் நாடகமே ஒபெரா. சிலவற்றில் இடையிடையே உரையாடலும் உண்டு. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தைக் கண்டு வளர்ந்தோருக்கு இக்கலை முற்றிலும் அந்நியமானதன்று. கதை முன்பே தெரிந்ததாயினும், பாத்திரத்தின் துயரம் பாடகரின் குரலில் எவ்வாறு வெளிப்படுகின்றது என்பதைக் கேட்பதற்காகவே அங்கும் மக்கள் கூடினர். ஒபெராவில் வாத்தியக் குழுவினர் மேடைக்கு முன்னுள்ள பள்ளத்தில் அமர்ந்து வாசிப்பர். பாடகர் பொதுவாக ஒலிவாங்கி ஏதுமின்றி, அவ்வாத்தியங்கள் அனைத்தையும் மேவித் தம் குரலைக் கடைசி வரிசை வரை செலுத்துவர்.

19 ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஒபெராக்கள் காதல், சத்தியம், பொறாமை, தியாகம் ஆகியவற்றைப் பெரிதும் பாடுகின்றன. கூனோவின் "ஃபவுஸ்ட்" (1859), பிஸேயின் "கார்மென்" (1875), மஸ்னேயின் "மனோன்" (1884) என்பன அவற்றுட் புகழ்பெற்றவை.

இலங்கைக் கரையில் நிகழும் கதை

இவ்வகை ஒபெராக்களுள் ஒன்று தமிழ் வாசகருக்குத் தனிக் கவனத்திற்குரியது. ஜோர்ஜ் பிஸே தமது 24 ஆவது வயதில் இசையமைத்த "முத்துக் குளிப்போர்", 1863 செப்டெம்பர் 30 அன்று பாரிஸில் ஷாத்லே சதுக்கத்திலிருந்த தெயாத்ர் லிரிக் அரங்கில் முதன்முறையாக மேடையேறியது. கதை நிகழுமிடம் இலங்கை.

நாதிர், ஸுர்கா என்னும் நண்பர் இருவர் முன்பொருகால் ஒரே பெண்ணைக் கண்டு மயங்கியவர்கள். நட்பின் பொருட்டு அவளை மறப்பதாகச் சத்தியம் செய்தவர்கள். முத்துக் குளிப்போரைக் காக்கக் கடற்பாறை மீதிருந்து வழிபடுவதற்கு, முக்காடிட்ட கன்னிப்பெண் ஒருத்தி அழைத்துவரப்படுகிறாள். அவளே அந்தப் பெண், லெய்லா. நாதிர் அவளைக் குரலால் இனங்காண்கிறான். இருவரும் அகப்பட்டு மரண தண்டனைக்குள்ளாகின்றனர். சிறுவயதில் தன் உயிரைக் காத்தவள் அவளே என்பதைக் கழுத்தணி ஒன்றின் மூலம் அறியும் ஸுர்கா, குடியிருப்பிற்குத் தீ வைத்து ஊராரைத் திசைதிருப்பி, இருவரையும் தப்பவைத்துத் தான் பின்தங்குகிறான்.

மேடையில் காணப்படும் இந்த இலங்கை உண்மையான இலங்கையன்று. கதையாசிரியர் இருவரும் முதலில் மெக்சிக்கோவையே களமாகக் கருதியிருந்தனர். பாத்திரங்களின் பெயர்களும் மன்னார்க் கரையின் பெயர்களல்ல. மன்னார் வளைகுடாவில் சிலாவத்துறை, அரிப்பு, மறிச்சுக்கட்டி ஆகிய கரைகளில் முத்துக் குளித்தோர், கனத்த கல்லின் துணையுடன் மூச்சடக்கிக் கடலடிக்கு இறங்கினர். அவர்களுட் பலர் தமிழ் பேசுவோர். 1863 இல் அக்குளிப்பு பிரித்தானிய அரசின் கட்டுப்பாட்டிலிருந்தது. எடுக்கப்பட்ட சிப்பிகளின் பெரும்பங்கும் அரசுக்கே சென்றது. இவற்றுள் எதுவும் ஒபெராவில் இல்லை.

இதனைக் கண்டு ஒருவர் சினங்கொள்ளலாம், நகைக்கவும் செய்யலாம். இரண்டும் நியாயமானவையே. அதே வேளை, நண்பர் இருவரும் முதலாம் அங்கத்தில் இணைந்து பாடும் பாடல், பிரெஞ்சு ஒபெரா முழுவதிலும் மிகுதியாக விரும்பிக் கேட்கப்படுவனவற்றுள் ஒன்று. அதன் அழகை ஏற்பதற்குக் கதையின் பிழையையும் ஏற்கவேண்டியதில்லை. கடலையும் கரையையும் அறிந்த தமிழர், அரங்கிலுள்ள பலர் அறியாத ஒன்றை அறிந்தவராகவே அங்கு அமர்ந்திருப்பார்.

எந்த அரங்கு, எந்த இருக்கை?

பாரிஸ் ஒபெராவிற்கு இரு பெரும் அரங்குகள் உள்ளன. சார்ள் கார்னியே வடிவமைத்த பலே கார்னியே 1875 ஜனவரி 5 அன்று திறக்கப்பட்டது. அதன் உட்கூரையில் மார்க் ஷகால் தீட்டிய ஓவியம் 1964 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மற்றையது 1989 இல் திறக்கப்பட்ட பஸ்தீய் அரங்கு. 2,700 இற்கும் மேற்பட்ட இருக்கைகளைக் கொண்டது. பொபினியிலிருந்து 5 ஆம் இலக்க மெட்ரோ பஸ்தீய் நிலையத்திற்கு நேராகச் செல்கிறது. ஒபெராக்கள் எந்த அரங்கில் நடைபெறுகின்றன என்பதைச் சீட்டு வாங்குமுன் கவனித்தல் வேண்டும். நிலையம் மாறி இறங்குவோர் நிகழ்ச்சியைத் தவறவிட நேரலாம்.

கார்னியே அரங்கு குதிரைலாட வடிவினது. ஆகையால் பக்கத் தடுப்பறைகளின் பின் இருக்கைகளிலிருந்து மேடையின் ஒரு பகுதி மறைந்துவிடும். அவ்விருக்கைகள் மலிவானவை, பார்வை மட்டுப்பட்டது என்ற குறிப்பு சீட்டு விற்பனையின்போதே காட்டப்படும். முதன்முறை செல்வோருக்கு மேடைக்கு நேரெதிரான மேல்மாடி இருக்கை பொருத்தமானது. மலிவான சீட்டுகள் விற்பனை தொடங்கியதுமே தீர்ந்துவிடுவதுண்டு. எனவே பருவ நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே பார்த்தல் நன்று. இளையோருக்கும் வேறு சில பிரிவினருக்கும் சலுகைகள் உள. சலுகைச் சீட்டுடன் செல்வோர் உரிய சான்றைக் கையில் வைத்திருத்தல் வேண்டும்.

சீட்டும் சட்டமும்

சீட்டை அரங்கின் அதிகாரபூர்வ இணையத்தளத்திலோ விற்பனைக் கருமபீடத்திலோ மட்டும் வாங்குதல் பாதுகாப்பானது. ஏற்பாட்டாளரின் அனுமதியின்றிச் சீட்டுகளை வழக்கமாக மறுவிற்பனை செய்வது, 2012 ஆம் ஆண்டின் சட்டப்படி 15,000 யூரோ வரை தண்டம் விதிக்கத்தக்க குற்றம். வீதியில் வாங்கிய சீட்டு செல்லுபடியாகாவிடின் இழப்பு வாங்கியவருக்கே.

மாற்றுத்திறனாளிகள் பொது இடங்களை அணுகும் உரிமையை 2005 பெப்ரவரி 11 ஆம் திகதிச் சட்டம் உறுதிசெய்கிறது. சக்கர நாற்காலி பயன்படுத்துவோர் சீட்டுப் பதிவின்போதே அதனைத் தெரிவித்தல் வேண்டும்; அவர்களுக்கென இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன.

நிகழ்ச்சி நாளன்று

நேரம்: இதுவே மிக முக்கியமானது. திரை உயர்ந்த பின் வருவோர் தமது இருக்கைக்குச் செல்ல இயலாது. பெரும்பாலும் இடைவேளை வரை வெளியே காத்திருக்க நேரும். அதற்காகப் பணம் மீளளிக்கப்படுவதில்லை. பைச் சோதனைக்கும் சேர்த்து அரை மணி நேரம் முன்னதாகச் செல்லுதல் நலம்.

உடை: மாலைநேர அங்கியோ கழுத்துப்பட்டியோ கட்டாயமன்று. துப்புரவான அன்றாட உடை போதுமானது. சேலையும் வேட்டியும் மிகப் பொருத்தமானவையே. குளிர்கால மேலங்கியை வெஸ்தியேரில் ஒப்படைக்கலாம்.

மொழி: பாடல் வரிகள் மேடைக்கு மேலுள்ள திரையில் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் காட்டப்படும். பிரெஞ்சு ஒபெராவாயின், பாடுவதும் எழுத்தும் ஒரே மொழியில் அமைவதால், பிரெஞ்சு கற்போருக்கு அது பயிற்சியுமாகும். கதையை முன்கூட்டியே படித்துச் செல்வோர் திரையை அடிக்கடி நோக்கவேண்டியிராது.

ஒழுங்கு: கைபேசியை அணைத்தல் வேண்டும்; நிகழ்ச்சியின்போது படம்பிடித்தல் கூடாது. எப்போது கைதட்டுவது என்ற ஐயம் எழுமாயின், ஏனையோர் தொடங்கும்வரை காத்திருப்பதே போதும்.

செல்வதற்கு முன், பொது நூலகங்களில் ஒபெரா ஒலிப்பதிவுகளை இரவல் பெற்றுக் கேட்கலாம். ஒருமுறை கேட்ட பாடலை அரங்கில் மீண்டும் கேட்கும்போது, இடமும் மக்களும் புதியவையாயினும், இசை பழகியதாகத் தோன்றும்.