ஷிஃப்ட், ஷிஃப்ட், ஷிஃப்ட்

யாருக்காக இந்தப் பக்கம்? – 9

போன வாரம், கல்லூரி இணையதளங்களில் விசாகா கமிட்டிப் பக்கம் எந்த மூலையில் கிடக்கிறது என்று துழாவினோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். மற்றவர்களுக்கு: பாலியல் துன்புறுத்தல் புகார்களைக் கல்லூரிக்குள்ளேயே விசாரிக்கும் குழு அது. இந்த வாரம் புகார்ப் படிவம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான் குறுக்கே வந்து விழுந்துவிட்டது.

பிரிட்டன் அரசின் இணையதளங்களைக் கட்டுகிறவர்களுக்கென்று ஒரு பொது வடிவமைப்புத் தொகுப்பு இருக்கிறது. 2023-ல் அதில் ‘இந்தப் பக்கத்தை விட்டு வெளியேறு’ என்றொரு பொத்தானைச் சேர்த்தார்கள். யாருக்கும் தெரியாமல் உதவி தேடுகிறவர்களுக்கானது அது. பக்கத்தை எவ்வளவு கீழே தள்ளினாலும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். அழுத்தினால் திரையில் இருப்பது மறைந்து, பிபிசியின் வானிலைப் பக்கம் திறக்கும். அறைக்குள் யாரோ நுழைகிறார்கள். லண்டனில் சாயங்காலம் மழை வருமா என்று இவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இதுவரை பலருக்குத் தெரிந்திருக்கலாம். என்னை மயக்கியது அடுத்த விஷயம். மவுஸைத் தேடி நகர்த்திப் பொத்தானைப் பிடிக்க நேரமில்லாதவர்கள், விசைப்பலகையில் ஷிஃப்ட்டை மூன்று முறை தட்டினால் போதும். ஏன் ஷிஃப்ட்? தப்பிப்பதற்கென்றே பெயர் வைத்த எஸ்கேப் விசை சும்மாதானே இருக்கிறது? ஆனால் அந்த விசைக்குப் பல பிரவுசர்களில் வேறொரு வேலை உண்டு: ஏறிக்கொண்டிருக்கும் பக்கத்தைப் பாதியில் நிறுத்துவது. பதற்றத்தில் கூடுதலாக ஒரு தடவை தட்டிவிட்டால், ஓட வேண்டிய நேரத்தில் கால் இடறின கதையாகிவிடும். சரி, ஏன் மூன்று? ஒன்றிரண்டு முறை என்றால் கை பட்டே நடந்துவிடும். ஐந்து முறை தட்டினால் விண்டோஸ் தானாக ‘ஸ்டிக்கி கீஸ்’ வேண்டுமா என்று ஒரு பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கும், அதுவும் சத்தத்தோடு. மூன்று வசதியாக நடுவில் உட்கார்ந்திருக்கிறது. தட்டத் தட்டப் பொத்தானில் மூன்று சின்னப் புள்ளிகள் ஒவ்வொன்றாக நிரம்பும், எத்தனை ஆயிற்று என்று தெரிவதற்காக. ஒரு விசைக்கு இவ்வளவு யோசித்தவர்களை என்ன சொல்வது!

இன்னொன்று. வானிலைப் பக்கம் வந்து சேரும்வரை பழைய பக்கம் காத்திருப்பதில்லை. முதலில் எழுத்தெல்லாம் மறைந்து திரை வெறுமையாகிறது, அப்புறம்தான் புதுப் பக்கம் ஏறுகிறது. ராத்திரி பத்து மணிக்கு நம் ஹாஸ்டல் வைஃபையைப் பயன்படுத்தியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

என் தோழி ஒருத்தி ஒரு கல்லூரியின் விசாகா கமிட்டியில் இருக்கிறாள். அவர்களுடைய பக்கத்தைத் திருத்தி எழுதும் வேலை அவள் தலையில். பொத்தானைப் பற்றிச் சொன்னதும், “நம்ம பிள்ளைங்க எந்தப் பக்கத்துக்குப் போகணும்?” என்று கேட்டாள். வானிலை இங்கே எடுபடாது, மே மாதம் போனில் வானிலை பார்க்கிறவளைப் பார்த்தாலே சந்தேகம் வரும். ஹாஸ்டல் பெண்களிடமே கேட்டோம். ஒருத்தி கிரிக்கெட் ஸ்கோர் என்றாள். இன்னொருத்தி தங்கம் விலை என்றாள், “எங்க வீட்ல எல்லாரும் அதைத்தான் மேம் பாக்குறாங்க.” மூன்றாமவள் செமஸ்டர் ரிசல்ட் பக்கம் என்றதும் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அந்தப் பக்கம் திறப்பதற்குள் வார்டன் வந்து, சாப்பிட்டு, தூங்கியே போய்விடுவார். தங்கம் விலையே ஜெயித்தது.

ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒன்று தெளிவாயிற்று. பாதிப் பேருக்கு மேல் லேப்டாப்பே தொடுவதில்லை, எல்லாம் போன்தான். போனில் தட்டுவதற்கு ஷிஃப்ட் கிடையாது. நான் உருகி உருகி எழுதிய மூன்று தட்டு இவர்களுக்கு உதவாது. கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் பெரிய பொத்தான்தான் வேண்டும். லீவுக்கு ஊருக்குப் போனால் அந்தப் போனும் அவளுடையதாக இருக்காது. தம்பி கேம் விளையாடுவான், அப்பா யூடியூப் பார்ப்பார்.

அங்கேதான் பொத்தானின் எல்லை தெரிகிறது. வெளியேறும்போது பழைய பக்கத்தின் இடத்திலேயே புதுப் பக்கத்தை உட்காரவைக்கும்படி நிரல் எழுதலாம். அப்படிச் செய்தால் ‘பின்செல்’ பொத்தானை அழுத்துகிறவருக்கு அந்தப் பக்கம் அகப்படாது. அதற்கு முன்னால் அவள் பார்த்த பக்கங்கள் அகப்படும். பிரவுசரின் ஹிஸ்டரியில் எல்லாமே வரிசையாக இருக்கும், தலைப்போடு. ‘பாலியல் துன்புறுத்தல் புகார்’ என்று தலைப்பு வைத்திருந்தால், அதுவே அப்பாவின் கண்ணில் படும். அதனால் ஹிஸ்டரியை எப்படி அழிப்பது என்று பக்கத்திலேயே நாலு வரி எழுத வேண்டும். பொத்தானை மட்டும் வைத்துவிட்டு அதைச் சொல்லாமல் விடுவது, பாதுகாப்பாக இருக்கிறோம் என்று அவளை நம்பவைத்துக் கைவிடுவதுதான்.

“தலைப்பை ‘மாணவர் உதவி’ன்னு மாத்திட்டா கூகுள்ல தேடுறவளுக்கு எப்படிடீ கிடைக்கும்?” என்று மடக்கினாள் தோழி. நியாயமான கேள்வி. இரண்டு பக்கமாகப் பிரித்தோம். சட்டம், கமிட்டி உறுப்பினர்கள், தொலைபேசி எண்கள் எல்லாம் பெயரை மறைக்காத வெளிப்பக்கத்தில். ‘எனக்கு இது நடந்தது, இனி என்ன செய்வது’ என்பது சாதுவான தலைப்புள்ள உள்பக்கத்தில். விளம்பர நிறுவனங்களின் கண்காணிப்பு நிரல்கள் இரண்டிலும் கூடாது. அட்மிஷன் விளம்பரத்துக்காகக் கல்லூரித் தளம் முழுக்க அவற்றைத் தூவியிருப்பார்கள், இந்த இரண்டு பக்கங்களிலாவது துடைத்தெடுக்க வேண்டும்.

இவ்வளவு பயம் தேவையா என்று கேட்பவர்கள் 2024 டிசம்பரை நினைத்துப் பார்க்கட்டும். அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவி துணிந்து புகார் கொடுத்தார். அவருடைய அடையாளம் அடங்கிய எஃப்.ஐ.ஆர். காவல்துறையின் இணையதளத்திலேயே பார்க்கும்படி இருந்தது. பாலியல் குற்றம் போன்ற வழக்குகளின் எஃப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-லேயே சொல்லியிருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்திலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு மாறியபோது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மூவர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்து, மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடும் தரச் சொன்னது. குற்றவாளிக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனை கிடைத்தது. எஃப்.ஐ.ஆரில் இருந்த வாசகங்களையும் நீதிபதிகள் கண்டித்தார்கள், பாதிக்கப்பட்டவரையே பழிக்கும்படி எழுதியிருப்பதாக. ஒரு இணையப் பக்கத்தில் எதைப் பூட்ட வேண்டும் என்று யோசிப்பது கணினி ஆட்களின் வேலை என்று முதல்வர்களும் பதிவாளர்களும் இனியும் ஒதுங்க முடியாது.

நம் கல்லூரிப் பக்கங்கள் பெரும்பாலும், கல்லூரிகளின் தரத்தை மதிப்பிட வரும் நாக் கமிட்டியின் பார்வைக்காகக் கட்டப்பட்டவை. குத்துவிளக்கு ஏற்றும் படம், மகளிர் தினச் சிறப்புரை, கோணலாக ஸ்கேன் செய்த கமிட்டிப் பட்டியல், அதில் போன வருடமே ஓய்வுபெற்ற பேராசிரியர். நடந்தது நேற்றா, இரண்டு மாதத்துக்கு முன்பா என்பதைப் பொறுத்து ஒரு பெண்ணுக்குத் தேவைப்படும் தகவலே மாறும். நேற்று நடந்திருந்தால் முதலில் ஆஸ்பத்திரி: எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், தனியார் ஆஸ்பத்திரியும் இலவசமாகச் சிகிச்சை தர மறுக்கக் கூடாது என்பது சட்டம். நாளாகிவிட்டிருந்தால், கமிட்டியிடம் எழுத்தில் புகார் தர யு.ஜி.சி. விதி 3 மாதம் தருகிறது, காரணம் இருந்தால் மேலும் 3 மாதம். இந்த இரண்டையும் முதல் திரையில் வைத்த கல்லூரியை நான் இன்னும் பார்க்கவில்லை. அதே விதிகள் ஆண் மாணவர்களையும் மூன்றாம் பாலினத்தவரையும் குறிப்பிடுகின்றன. நம் பக்கங்களில் ‘மகளிர் பிரிவு’ என்ற பலகையைப் பார்த்ததுமே அவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள்.

ஆசிரியர் போன் பண்ணிவிட்டார், இடம் முடிந்தது. படிவம் அடுத்த வாரம், நிச்சயமாக. 2015-ல் கலிஃபோர்னியாவின் இரண்டு வளாகங்களில் தொடங்கிய ‘காலிஸ்டோ’ என்ற ஏற்பாட்டையும் அப்போது பார்ப்போம். நடந்ததை எழுதி, தேதியோடு பூட்டிவைக்கலாம். அதே ஆளின் பெயரை இன்னொருத்தி எழுதினால் மட்டும் பூட்டு திறக்கும்படி விட்டுவைக்கலாம். தோழி இதைக் கேட்டதும் கேட்ட முதல் கேள்வி, “சாவி யார் கையிலடீ இருக்கும்?”