வசனத்தை வெறுத்த வசனகர்த்தா!

மதுரைக்குக் கிழக்கே உள்ள இளையான்குடியில் 1939-ல் பிறந்தவர் அலெக்சாண்டர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்துவிட்டு, காரைக்குடி அழகப்பா கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஒரு விழா. சிறப்பு விருந்தினர் எம்.ஜி.ஆர்.! அவர் எதிரிலேயே மேடையேறி, சினிமாக் காதலையும் டூயட்டையும் கிண்டலடித்துப் பேசினார் அந்த மாணவர். எம்.ஜி.ஆர். கோபப்படவில்லை; மனம்விட்டுப் பாராட்டினார். பின்னாளில் 'பொன்னியின் செல்வன்' நாவலுக்குத் திரைக்கதை எழுதும் வேலையையும் கொடுத்தார்.

அந்த மாணவர்தான் இயக்குநர் மகேந்திரன்.

வாழ்க்கை அவரை எதிர்த்திசையில் இழுத்தது. பக்கம் பக்கமாக வசனம் பேசும் படங்கள் அவருக்குப் பிடிக்காது. சோறு போட்டதோ அதே வசனம்தான். 1974-ல் சிவாஜி நடித்த 'தங்கப்பதக்கம்' அவர் எழுதியது. தியேட்டரில் கைதட்டல் அள்ளியது.

1978-ல் 'முள்ளும் மலரும்' மூலம் இயக்குநரானார். பாலுமகேந்திரா கேமரா, இளையராஜா இசை, நாயகன் ரஜினி. அனல் பறக்கும் வசனத்தை எதிர்பார்த்த தயாரிப்பாளர், படத்தைப் பார்த்து நொந்துபோனார். ஆனால், பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே கூட்டம் சேர்ந்தது.

அடுத்த ஆண்டு 'உதிரிப்பூக்கள்'. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'தான் அதற்கு விதை. 1980-ல் 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' தேசிய விருதுகளைக் கொண்டுவந்தது.

2019 ஏப்ரல் 2-ல், 79 வயதில் மகேந்திரன் மறைந்தார். 'உதிரிப்பூக்கள்' பார்த்தவர்களுக்கு இன்றும் நெஞ்சில் நிற்பது, ஆற்றங்கரையில் அநாதையாகிப்போன அந்த இரண்டு குழந்தைகள்தான்.